முன்பாரமும் பின்பாரமும்

காலி வீதியில் வெள்ளவத்தையூடாகச் செல்லும் பஸ்ஸில் நின்றபடி பிரயாணஞ் செய்தவர் எவரும் ஓர் உண்மையைத் தம் உடலால் அறிவர். சாரதி சடுதியாகப் பிறேக்கை மிதித்ததும் நிற்பவர் அனைவரும் முன்னோக்கிச் சாய்கின்றனர். சாய்வது பிரயாணிகள் மட்டுமன்று. வாகனத்தின் பாரமும் அவ்வாறே முன்சில்லுகளின்மீது சாய்கின்றது. மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவர். பழைய காரொன்றின் நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் பிறேக் பூட்ட விரும்புபவர் முதலில் கற்கவேண்டிய பாடம் அந்த வண்டிக்காரரிடமே உள்ளது.

கொழும்பில் இப்படி விரும்புவோர் இருப்பது வியப்பன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு முற்றங்களில் உறங்கிய பழைய கார்கள் பலவற்றின் மதிப்பு உயர்ந்தது. அவற்றுள் மொரிஸ் மைனருக்குத் தனி இடமுண்டு. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த அக்காரின் நான்கு சில்லுகளிலும் டிரம் பிறேக்கே இருந்தது. அக்கால வேகத்துக்கு அது போதும். ஆனால் 2011இல் தெற்கு அதிவேக வீதியும் 2013இல் கட்டுநாயக்க அதிவேக வீதியும் திறக்கப்பட்டுவிட்டன. மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் காரை நிறுத்துவதற்குப் போக்கவேண்டிய சக்தியைப்போல் நான்கு மடங்கு, 100 கிலோமீற்றரில் ஓடும் காரை நிறுத்தப் போக்கவேண்டும். அச்சக்தி முழுவதும் வெப்பமாகிறது. மூடிய டிரம்முக்குள் அவ்வெப்பம் அடைபட்டு, மிதிக்க மிதிக்கப் பிறேக் வலுவிழக்கும். திறந்து சுழலும் தட்டையோ காற்றே குளிரச் செய்துவிடும்.

டிஸ்க் பிறேக் புதிய கண்டுபிடிப்பன்று. பிரெடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் பிரான்சின் லெ மான் ஓட்டப்போட்டியில் ஜாகுவார் கார்கள் அதனைப் பூட்டி வென்றபின்னரே உலகம் அதனை நம்பத் தொடங்கிற்று.

ஆயினும் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க்கைப் பூட்டும்போது ஒரு சமநிலை குலைகிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு காரை எண்ணிக்கொள்வோம். நிற்கும்போது முன்சில்லுகள் 520 கிலோவும் பின்சில்லுகள் 480 கிலோவும் தாங்குகின்றன. முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடைத்தூரம் 2.2 மீற்றர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது. உலர்ந்த வீதியில் பலமாக மிதித்து, புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் எட்டுப் பங்கு அளவில் வேகத்தைக் குறைத்தால் 200 கிலோ பின்னிருந்து முன்னுக்கு மாறும். அப்பொழுது முன்னே 720, பின்னே 280. மழை நனைத்த வீதியில் பத்தில் மூன்று பங்கு அளவுக்கே வேகங் குறைக்க முடிந்தால், மாறுவது 75 கிலோ மட்டுமே. முன்னே 595, பின்னே 405. மெல்ல மிதிக்கையில் பின்சில்லு கணிசமாக உழைக்க வல்லது. பலமாக மிதிக்கையில் அதற்கு வலுவில்லை. இங்கேதான் சிக்கல். பாஸ்கலின் விதிப்படி மாஸ்டர் சிலிண்டரில் எழும் அமுக்கம் எல்லாக் குழாய்களிலும் சமமாகவே பரவும். எண்ணெய்க்கு முன்பாரமும் தெரியாது, பின்பாரமும் தெரியாது.

பாரமிழந்த பின்சில்லு மிகுந்த அமுக்கத்தைப் பெற்றால் சுழலாது பூட்டுண்டு சறுக்கும். முன்சில்லு முதலிற் பூட்டுண்டால் வாகனம் திரும்ப மறுத்தாலும் நேராகவே செல்லும். பின்சில்லு முதலிற் பூட்டுண்டாலோ வாகனத்தின் பின்புறம் முன்னுக்கு வந்துவிடும். பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் நெருங்கிச் செல்லும் காலி வீதியில் ஒரு கார் குறுக்காகச் சுழன்றால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகையால் பிழை நேர்ந்தாலும் அது முன்சில்லின் பக்கமாகவே நேரும்படி பிறேக்கை அமைப்பது மரபு.

இதற்கென அமைந்ததே புரொப்போர்ஷனிங் வால்வு. தமிழில் விகித வால்வு எனலாம். பின்சில்லுக்குச் செல்லும் குழாயில் மட்டும் அது பூட்டப்படும். ஒரு குறிப்பிட்ட அமுக்கம் வரை அது தலையிடாது. அந்த எல்லைக்கு மேல், வரும் அமுக்கத்தில் ஒரு பகுதியை மட்டுமே பின்னுக்கு விடும். உதாரணமாக எல்லை சதுர அங்குலத்துக்கு 300 இறாத்தல், அதன்பின் பாதி என்று வைத்துக்கொண்டால், மாஸ்டர் சிலிண்டரில் 500 இறாத்தல் எழும்போது பின்சில்லு பெறுவது 400 மட்டுமே. மெல்ல மிதிக்கையில் முழுப்பங்கு, பலமாக மிதிக்கையில் குறைந்த பங்கு. மேற்சொன்ன பாரக்கணக்கு கேட்பதும் இதையே.

எதனைத் தெரிவது? எல்லையும் விகிதமும் மாறாத வால்வு ஒருவகை. பின்அச்சோடு இணைந்து, ஏற்றிய பாரத்துக்கேற்பத் தானே மாறும் வால்வு மற்றொருவகை. வான்களிலும் லொறிகளிலும் அதனைக் காணலாம். எல்லையைக் கையால் திருகி மாற்றக்கூடியது மூன்றாம் வகை. பஞ்சிகாவத்தைக் கடைகளில் யப்பானியக் கார்களின் கலிப்பரோடு அவற்றின் வால்வையுஞ் சேர்த்து வாங்கிவிடலாம். மலிவுதான், பொருத்தமா என்பதே கேள்வி. அந்த வால்வின் எல்லையை உற்பத்தியாளர் வகுத்தது அந்தக் காரின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ப. மேலும் முன்சில்லாலேயே இழுக்கப்படும் கார்கள் பலவற்றில் குழாய்கள் மூலைக்கு மூலை குறுக்காகச் செல்வதால் வால்வும் இரட்டையாக அமைந்திருக்கும். முன்னொன்று பின்னொன்றாகக் குழாயிட்ட காருக்கு அது உதவாது. பாகங்கள் பல கார்களிலிருந்து வந்து ஒன்றுசேரும் மாற்றத்துக்குத் திருகி மாற்றும் வகையே தக்கது. ஏற்கெனவே ஒரு விகித வால்வு இருந்தால் அதனை நீக்கவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆகாது.

ஆனால் இந்த வால்வு எதையும் கொடுப்பதில்லை, குறைக்க மட்டுமே செய்யும். முன்னும் பின்னும் ஒரே அளவான கலிப்பரைப் பூட்டிவிட்டு, மீதியை வால்வு பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது தவறு. பின்கலிப்பரின் பிஸ்டன் சிறிதாக இருத்தல் வேண்டும். வால்வு இறுதித் திருத்தத்துக்கே உரியது. பின்கலிப்பரில் கைப்பிறேக் பொறிமுறை உண்டா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். வாங்கிவந்த பின்னர் அது நினைவுக்கு வருபவர் பலர்.

மொரிஸ் மைனருக்கு இன்னொரு தனிச் சங்கடமுண்டு. அதன் மாஸ்டர் சிலிண்டர் தரைத்தகட்டின்கீழ் உள்ளது. கலிப்பர் அதனிலும் உயர்வாக அமைந்தால் எண்ணெய் மெல்லப் பின்வாங்கும். அடுத்தமுறை மிதிகட்டை ஆழமாக இறங்கும். அதனைத் தடுக்க ஏறத்தாழ 2 இறாத்தல் அமுக்கத்தைத் தக்கவைக்கும் சிறு வால்வு வேண்டும். டிரம்முக்கென அமைந்த வால்வோ ஏறத்தாழ 10 இறாத்தலைத் தக்கவைக்கும். அதனை அப்படியே விட்டால் டிஸ்க்கை விடாது உராய்ந்து சூடேற்றும்.

பூட்டி முடிந்ததும் பரீட்சை. வாகன நடமாட்டமற்ற அகன்ற, உலர்ந்த தளமே இதற்கு இடம். மழைநாளில் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. நனைந்த தளத்தில் வால்வின் எல்லையை எட்டுமுன்னரே சில்லு பூட்டுண்டுவிடும், ஆதலால் வால்வைப்பற்றி ஒன்றும் தெரியவராது. சாரதி மட்டும் இருக்க, எண்ணெய்த் தாங்கியும் குறைவாக இருக்கட்டும். அப்பொழுதே பின்பாரம் மிகக் குறைவு. பின்சில்லுக்கு மிகக் குறைந்த அமுக்கம் செல்லும்படி தொடங்கி, குறைந்த வேகத்தில் பலமாக மிதித்து, பக்கத்தில் தூரநின்று ஒருவர் சில்லுகளை நோக்க, சிறிது சிறிதாக அமுக்கத்தைக் கூட்டவேண்டும். பின்சில்லு முதலிற் பூட்டுண்டதும் திருகைப் பின்வாங்கி, முன்சில்லே தெளிவாக முந்தும் நிலையில் நிறுத்தி, பூட்டு மரையை இறுக்கி, திருகின் நிலையை வர்ணத்தாற் குறித்துவிட வேண்டும். டயரோ பிறேக் பட்டையோ மாற்றிய ஒவ்வொரு தடவையும் அந்தக் குறியிலிருந்தே பரீட்சை மீண்டும் தொடங்கும்.