தீர்ப்பு நாளிலேயே தொடங்க வேண்டிய விடுதலை

தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையடிவாரத்தில் கஞ்சா வழக்கு புதிய செய்தியல்ல. ஒரு காலத்தில் மலைக்குள்ளேயே அது பயிரானது. போலீஸ் வேட்டைகளில் சாகுபடி ஒடுங்கிய பிறகு, ஆந்திராவிலிருந்து வரும் சரக்கு கேரளத்துக்குக் கடக்கும் பாதையாகக் கம்பம் பள்ளத்தாக்கு மாறியது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எடையைப் பார்த்துத் தண்டிக்கும் சட்டம். கஞ்சா 20 கிலோவைத் தாண்டிவிட்டால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை, குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம். முதல் போட்டவருக்கும் கூலிக்கு மூட்டை சுமந்தவருக்கும் இந்தக் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றுதான். ஆனால் பத்தாண்டு கழித்து வெளியே வரும் நாளில் இருவரும் ஒன்றல்லர். ஒருவருக்கு வழக்கறிஞரும் பணமும் காத்திருக்கும். மற்றவர் பேருந்துக்குக் காசு தேட வேண்டியிருக்கும். இந்த இரண்டாமவருக்காகச் சிறையும் ஊரும் குடும்பமும் எப்போது தயாராகத் தொடங்க வேண்டும் என்பதே கேள்வி. விடுதலைக்கு ஒரு மாதம் முன்பு தொடங்கினால் அது காலம் கடந்த வேலை. தீர்ப்பு வாசிக்கப்பட்ட நாளே அதற்குரிய நாள். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் இதையே சொல்கின்றன: தண்டனை தொடங்கும்போதே கைதியின் பிற்கால வாழ்வைக் கருத வேண்டும், வெளியேறும்போது உரிய ஆவணங்களும் ஊர் போய்ச் சேர வழியும் இருக்க வேண்டும்.

கஞ்சா வழக்குக்காரருக்கு இந்த முன்னேற்பாடு மற்ற கைதிகளைவிட அவசரம். காரணம், மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள் இவர்களுக்குச் சாத்தப்பட்டிருக்கின்றன. நன்னடத்தைக்காகத் தண்டனையில் நாட்கள் கழிவதை இச்சட்டத்தின் 32அ பிரிவு தடுக்கிறது. ஆகவே பத்தாண்டு என்றால் பத்தாண்டுதான். அபராதம் கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு 25,000 ரூபாய் வரை உதவ மத்திய உள்துறை 2023இல் ஒரு திட்டம் வகுத்தது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அந்தத் திட்டத்தின் பயன் கிடையாது என்று அதன் நெறிமுறை சொல்கிறது. தண்டனைக் காலம் முடிந்தும் ஒரு லட்சம் இல்லாததால் தீர்ப்பில் குறித்த கூடுதல் காலத்தையும் இந்த ஏழைக் கைதி உள்ளேயே கழிக்கிறார். குற்றத்துக்கான தண்டனையை அனுபவித்து முடித்தவர் அதற்குமேல் அனுபவிப்பது வறுமைக்கான தண்டனை. இதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு வியப்பு.

இந்த இடத்தில் சட்டம் வைத்திருக்கும் சில வழிகள் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. அபராதம் கட்டத் தவறியதற்கான சிறை, குற்றத்துக்கான தண்டனையல்ல, பணம் கட்டாததன் விளைவு மட்டுமே என்று சாந்திலால் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதுவும் போதைப்பொருள் வழக்குதான். மூன்று ஆண்டாக இருந்த கூடுதல் காலத்தை நீதிமன்றம் ஆறு மாதமாகக் குறைத்தது. மேல்முறையீட்டில் குற்றத் தீர்ப்பை உடைக்க முடியாவிட்டாலும் இந்தக் கூடுதல் காலத்தைக் குறைக்கக் கேட்கலாம் என்பது இதன் பொருள். அடுத்தது, முழு ஒரு லட்சம் சேர்ந்தால்தான் பயன் என்றில்லை. பாதி அபராதம் கட்டினால், கூடுதல் காலத்தில் பாதியைக் கழித்ததும் வெளியே வரலாம். பத்தாண்டில் மாதம் ஐந்நூறு ஒதுக்கினாலே அந்தப் பாதித் தொகை எட்டிவிடும். கடைசி மாதத்தில் கந்துவட்டிக்கு ஓட வேண்டியதில்லை. விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் தீர்ப்பு நகலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். காவலில் இருக்கும் எவரும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் தரும் உரிமை. 15100 என்ற எண்ணிலோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ கேட்டால் போதும்.

கைதியை மனு போட்டுப் பார்க்கப் போகும் செலவையும் சேர்த்துத்தான் இதைப் பேச வேண்டும். தேனி மாவட்டத்தின் வணிக அளவுக் கஞ்சா வழக்குகள் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கின்றன. தண்டனை பெற்ற ஆண்கள் பெரும்பாலும் மதுரை மத்திய சிறைக்குப் போகிறார்கள். வருசநாட்டிலிருந்து ஆண்டிபட்டி, உசிலம்பட்டி தாண்டிப் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். இலவம் பஞ்சுக் காலத்தில் அந்த ஒரு நாளை இழப்பது சுலபமல்ல. வருகை குறையக் குறைய உறவு தேயும். உறவு தேய்ந்தவருக்கு வெளியே வந்தபின் கையில் இருக்கும் ஒரே முகவரி பழைய சரக்குக்காரருடையது. ஆகவே பரோல் எனப்படும் சிறைவிடுப்பைச் சலுகையாக மட்டும் பார்ப்பது தவறு. அது விடுதலைக்கான ஒத்திகை. 32அ பிரிவு பரோலைத் தடுக்காது என்று தாது வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விடுப்பு மனு மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகலாம். விடுப்புக்கு முன் ஊருக்கு வந்து விசாரிக்கும் நன்னடத்தை அலுவலரிடம், தங்க இடம் உண்டு, வேலை தர ஆள் உண்டு என்று ஊரார் சொல்லும் வார்த்தைக்கு எடை இருக்கிறது.

பிள்ளைகளைக் கெடுத்தவர்களுக்கு இத்தனை பரிவா என்று கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. பள்ளிக்கூட வாசல்வரை பொட்டலம் வந்துவிட்ட ஊர்களில் அந்தக் கோபம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் இங்கே கேட்பது தண்டனைக் குறைப்பு அல்ல. சட்டம் விதித்த முழுக் காலத்தையும் கழித்தவர் எப்படியும் ஊருக்குத்தான் வரப்போகிறார். பிழைக்க வழியில்லாமல் வருவது நல்லதா, வழியோடு வருவது நல்லதா என்பதே அந்தப் பிள்ளைகளின் பாதுகாப்புக் கேள்வி. மறுபடி வணிக அளவில் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டால் போதைப்பொருள் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி குறைந்தபட்சமே ஒன்றரை மடங்கு, அதாவது 15 ஆண்டு. தப்பு செய்யாத ஏழைக்கே வேலையில்லையே என்பது இன்னொரு வாதம். உண்மைதான், ஆனால் சிறையில் தையலோ அடுமனை வேலையோ கற்றுக்கொண்டு வருபவர் அடுத்தவர் பிழைப்பைப் பறிப்பதில்லை. திருந்தவே மாட்டார்கள் என்பவர்களுக்கு இந்தப் பகுதியின் வரலாறே பதில். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயரால் பிறமலைக் கள்ளர் சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்து, கைரேகை எடுத்து, இரவில் காவல் கண்காணிப்பில் வந்து படுக்கச் சொன்ன ஆட்சி இங்கே இருந்தது. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ஊரார் குண்டடிபட்டுச் செத்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. முத்திரை குத்துவதால் குற்றம் குறையும் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் ஏற்கெனவே தோற்ற ஒன்று.

வெளியே வந்த பிறகும் முத்திரை துரத்தும். பழைய வழக்கைக் காட்டி, நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கோட்டாட்சியர் முன் நிறுத்தப்படலாம். என்ன தகவலின் பேரில் என்று எழுத்தில் தரப்பட வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடாமல் வழக்கறிஞரை வைத்துப் பதில் சொல்வது உரிமை. வங்கிக் கணக்கு இன்னொரு முட்டுக்கட்டை. 2022இல் தென்மண்டலப் போலீசார் கஞ்சா வழக்கில் சிக்கியவர்களின் கணக்குகளோடு உறவினர்களின் கணக்குகளையும் முடக்கினார்கள். சரக்குப் பணத்தைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் மனைவியின் மகளிர் குழுச் சேமிப்பும் அதில் மாட்டிக்கொண்டால் குடும்பமே முடங்கும். போதைப்பொருள் சட்டத்தின் 68ஊ பிரிவின் கீழ் பிறப்பித்த முடக்க ஆணையை, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி 30 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் அது செல்லாது. ஆகவே ஆணை நகலைக் கேட்டு வாங்கி, தேதியைப் பார்த்து, பணம் வந்த வழிக்கான காகிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா, ஆதார் செல்லுபடியாக இருக்கிறதா என்பவற்றை அவர் உள்ளே இருக்கும்போதே வீட்டார் பார்த்து வைக்கலாம். விடுதலையானவருக்கு வாக்குரிமை உண்டு; பட்டியலில் பெயர் விட்டுப்போயிருந்தால் மீண்டும் சேர்க்கலாம்.

ஏழைக் கைதிகளுக்கான உதவியில் போதைப்பொருள் வழக்குகளை ஒதுக்கியது மத்திய அரசின் திட்டம். மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்து உதவுவதை அது தடுக்கவில்லை. முதல் முறை தண்டனை பெற்றவர், சிறையில் ஒழுங்காக இருந்தவர், அபராதத்தில் ஒரு பகுதியைத் தானே கட்டியவர் என்று வரம்பு வைத்து மீதியை அரசு ஏற்கலாம். அபராதத்துக்காக மட்டும் ஒருவரை ஓராண்டு கூடுதலாக உள்ளே வைத்துச் சோறு போட்டுக் காவல் காக்கவும் அரசுப் பணம்தான் செலவாகிறது.