வெட்டினால் சாகாது, பெருகும்! உறைமோர் போல வீடு மாறும் டார்ச் பவளம்

இரவு எட்டு மணி. ஹாலில் இருக்கும் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, கண்ணாடித் தொட்டியின் மேல் இருக்கும் நீல விளக்கை மட்டும் எரியவிடுகிறார்கள். தொட்டிக்குள் விரல் நீளத்தில் நூற்றுக்கணக்கான இழைகள் மெதுவாக ஆடுகின்றன. ஒவ்வொரு இழையின் நுனியிலும் சின்னதாக ஓர் உருண்டை. இழை பச்சையாக இருந்தால் நுனி பொன்னிறம். இழை பழுப்பாக இருந்தால் நுனி ஊதா. யாரோ தண்ணீருக்குள் ஒரு கொத்து தீப்பந்தங்களை ஏற்றி வைத்தது போல இருக்கிறது.

முதல்முறை பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது என்ன செடி?"

செடி இல்லை. வாயும் வயிறும் உள்ள விலங்கு. பெயர் டார்ச் பவளம்.

சிங்கப்பூரிலோ டொரன்டோவிலோ சிட்னியிலோ இருக்கும் உறவினர் வீட்டிலிருந்து வந்த வாட்ஸ்அப் வீடியோவில் இதை நீங்கள் பார்த்திருக்கலாம். கடல்நீர்த் தொட்டி வளர்ப்பவர்களிடையே இதற்கு அப்படி ஒரு மோகம். அரிய நிறமென்றால் ஒரேயொரு 'தலை'க்குப் பல நூறு டாலர் கொடுக்கவும் ஆள் இருக்கிறது.

கல்லுக்குள் வீடு கட்டும் விலங்கு

அறிவியலில் இதன் பெயர் யூஃபிலியா கிளாப்ரெசன்ஸ். 1821-ல் இதை முதன்முதலில் விவரித்து எழுதிய இருவரில் ஒருவர் அடெல்பெர்ட் வான் சமிசோ. தன் நிழலை விற்றுவிட்டுத் தவிக்கும் ஒருவனின் கதையை எழுதினாரே, அதே ஜெர்மன் எழுத்தாளர்தான். ரஷ்யக் கப்பலொன்றில் இயற்கை ஆய்வாளராக உலகைச் சுற்றி வந்தவர். இப்படியும் ஒரு வாழ்க்கை!

செங்கடலில் தொடங்கி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள்வரை இந்தப் பவளம் வாழ்கிறது. நவரத்தினத்தில் வரும் சிவப்புப் பவளத்துக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் மட்டுமே. மோதிரத்தில் பதிக்கும் பவளம் வேறு வகை. இது பவளத்திட்டுகளைக் கட்டும் கல் பவளங்களின் குடும்பம்.

பகலில் இதற்குச் சாப்பாடு போடுவது இதன் சதைக்குள்ளேயே குடியிருக்கும் நுண்ணிய பாசிகள். வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி பவளத்துக்குப் போய்விடுகிறது. போதாததற்கு, இழைகளில் மாட்டும் சின்னஞ்சிறு உயிரினங்களைக் கொட்டிப் பிடித்தும் தின்னும். வாடகைக்கும் ஆள், வேட்டைக்கும் கை என்று இரட்டை வருமானம்.

உடல் அமைப்பைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். மற்ற விஷயங்களெல்லாம் இதில்தான் இருக்கின்றன. டார்ச் பவளத்தின் ஒவ்வொரு தலையும் தனித்தனிக் கல் தண்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். தண்டுகள் கீழே ஒன்றாகச் சேரும், கள்ளிச்செடியின் கிளைகள் மாதிரி. சதை இருப்பது தண்டின் மேல்பகுதியில் மட்டும். கீழே இருப்பது வெறும் சுண்ணாம்புக் கல். அதில் உயிர் கிடையாது. ஆகவே, கீழே தண்டை வெட்டினால் விலங்குக்குக் காயமே படாது. ஒரு கொத்து இரண்டு கொத்தாகும். இரண்டும் வாழும்.

மூளைப் பவளம் போன்றவற்றை இப்படிச் செய்ய முடியாது. அங்கே வாள் சதையைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

தடை சொன்ன செய்தி

2018 மே மாதம் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தியது. உலகத் தொட்டிகளுக்குப் பவளம் அனுப்பும் மிகப் பெரிய நாடு அது. கடைகளில் டார்ச் குறைந்தது, விலை எகிறியது. 2020 தொடக்கத்தில் தடை விலகி, பண்ணையில் வளர்த்த பவளங்கள் மறுபடி வரத் தொடங்கின.

இடைப்பட்ட காலத்தில் ஒரு மாற்றம் நடந்தது. ஏற்கெனவே வீட்டில் டார்ச் வைத்திருந்தவர்கள் வாளை எடுத்தார்கள். நான்கு தலை இருந்தால் இரண்டை வெட்டி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். கடலிலிருந்து புதிதாக எடுக்காமலே இந்தப் பொழுதுபோக்கு நடக்க முடியும் என்பது அப்போது பலருக்கும் புரிந்தது.

எல்லாக் கல் பவளங்களையும் போல டார்ச்சும் சைட்டிஸ் எனும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஊருக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இந்தியாவில் கதையே வேறு. 2001-ல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். யாராவது 'நான் ஏற்பாடு பண்ணித் தர்றேன்' என்று போட்டோ அனுப்பினால், அதை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் நல்லது.

இந்தக் கண்டிப்புக்கு நம் கரையிலேயே காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தைப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பினார்கள். வீடுகளுக்குப் பூசிய வெள்ளையில் எவ்வளவு பவளம் கரைந்ததோ! கரையைக் காத்த திட்டுகள் தேய்ந்தன. இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறி மிச்சமிருந்த பவளங்களும் வெளுத்தன. தூத்துக்குடியில் இயங்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் அங்கே செய்துவரும் மறுநடவு வேலையும் இதே 'வெட்டிப் பெருக்குதல்'தான். வேகமாகக் கிளைவிடும் உள்ளூர் பவளங்களின் துண்டுகளை எடுத்துக் கடலடியில் சட்டங்களில் கட்டி வளர்க்கிறார்கள்.

சுண்ணாம்புத் தண்ணீர் குடிக்கும் செல்லம்

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்கள் இதை வளர்க்க என்ன வேண்டும்? பணத்தைவிடப் பொறுமை. புதிதாக அமைத்த தொட்டியில் முதல் வாரமே டார்ச்சைக் கொண்டுபோய் வைத்தால் மூன்றாம் வாரம் வெறும் எலும்புதான் மிஞ்சும். தொட்டி குறைந்தது ஆறு மாதமாவது ஓடி நிலைபெற்றிருக்க வேண்டும்.

தண்ணீர் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ். உப்பு, கடலில் இருப்பது போல ஒரு கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 அளவில். காரத்தன்மை 8 அல்லது 9 டிகேஹெச். இந்த எண்களைத் துரத்தித் துரத்திச் சரிசெய்கிறவர்கள்தான் அதிகம் பவளத்தைக் கொல்கிறார்கள் என்பது வேடிக்கை. 8-ஆ 9-ஆ என்பது பெரிய விஷயமில்லை. இன்று 7, நாளை 10 என்று ஊஞ்சலாடக் கூடாது. சுத்தம் என்று நினைத்து நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவதும் தவறு. உள்ளே இருக்கும் பாசி பட்டினி கிடக்கும்.

கல் தண்டு வளர வளரத் தண்ணீரில் உள்ள கால்சியமும் காரமும் தீரும். ஈடுகட்ட உலகெங்கும் பலர் பயன்படுத்துவது என்ன தெரியுமா? தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். ஜெர்மன் மொழியில் அப்படியே 'கால்க்வாசர்' என்கிறார்கள். ஆவியாகிப் போகும் நீருக்குப் பதிலாக இதைச் சொட்டுச் சொட்டாக, பெரும்பாலும் இரவில், விடுகிறார்கள். ஒருகாலத்தில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தோம். இங்கே சுண்ணாம்பு கொடுத்துப் பவளம் வளர்க்கிறார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள்; இதற்கென்று தூய்மையான பொடி விற்கிறது. காரம் மிகக் கடுமையானது என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தொட்டியே பாலாகி, எல்லாம் போய்விடும்.

வெளிச்சம் மிதமாகப் போதும். நீரோட்டம் நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. இழைகள் ஒரே பக்கம் மடங்கி நின்றால் பம்ப்பைத் திருப்பி வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பம்ப்பை அணைத்து, பொடி இறால் துண்டு ஒன்றை இழைமேல் விட்டால், அது கைமாற்றிக் கைமாற்றி வாய்க்குக் கொண்டுபோவதை வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். மீனுக்கு நோய் வந்தது என்று தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் மீன் பிழைக்கலாம், பவளம் பிழைக்காது.

டார்ச்சுக்கு அக்கம்பக்கம் ஆகாது. இரவில் நீண்ட கொடுக்கு இழைகளை வீசிப் பக்கத்துப் பவளங்களைச் சுட்டுவிடும். சொந்தக்காரர்களான ஹேமர், ஃப்ராக்ஸ்பான் பவளங்களைக்கூட விடாது. சுற்றிலும் ஒரு சாண் இடம் காலியாக விடுவது நல்லது.

வாள் எடுக்கும் நாள்

ஒரு தலை பெருத்து, வட்டமாக இருந்தது நீள்வட்டமாகி, நடுவில் இரண்டு வாய் தெரியும். இரட்டைக் குழந்தை! ஆசைப்பட்டு அப்போதே வெட்டக் கூடாது. கீழே கல் தண்டும் கவட்டை போல இரண்டாகப் பிரிந்து, நடுவில் இடைவெளி தெரியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பல மாதம் ஆகும்.

வெட்டும் நாளில் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்டை லேசாகத் தட்டினால் சதை உள்ளே சுருங்கிக்கொள்ளும். கொத்தை வெளியே எடுத்து, வெறும் கல் பகுதியைப் பிடித்துக்கொண்டு, சதை முடியும் இடத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வெட்ட வேண்டும். வைரப்பூச்சுள்ள சிறு மின்வாள் சிறந்தது. எலும்பு வெட்டும் கட்டரால் 'கடக்' என்று நெரிப்பவர்களும் உண்டு. தண்டு பிளந்து, விரிசல் மேலே சதைவரை ஓடிவிட்டால் அந்தத் தலை பிழைப்பது கஷ்டம். வெட்டிய துண்டை வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் அலசிக் கல்தூளைக் களைந்து, பவளத்துக்கான அயோடின் கரைசலில் சில நிமிடம் முக்கி, சூப்பர் க்ளூ ஜெல்லால் சின்னப் பீங்கான் கட்டையில் ஒட்டினால் வேலை முடிந்தது. வெளிச்சமும் ஓட்டமும் குறைவான மூலையில் விட்டுவிட வேண்டும். மறுநாளோ மூன்றாம் நாளோ இழைகள் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்க்கும். அதுவரை வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

இதே வெட்டு சில சமயம் அவசர அறுவைச் சிகிச்சையும் ஆகும். டார்ச் வளர்ப்பவர்கள் பயப்படும் ஒரே பெயர், 'பழுப்புக் கூழ்' நோய். மாலையில் நன்றாக விரிந்திருந்த தலை, காலையில் பழுப்பு நிறச் சளி போல உருகித் தொங்கும். நாற்றம் தாங்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிலியேட் எனும் ஒற்றைச்செல் உயிர்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கூழ் நீரோட்டத்தில் மிதந்து அடுத்த தலையில் பட்டால் அதுவும் போகும். இரண்டு மூன்று நாளில் பத்து வருடக் கொத்து காலியானது உண்டு.

அப்போது யோசிக்க நேரமில்லை. பம்ப்பை அணைத்து, கூழைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, கொத்தைக் கிண்ணத்தோடு சேர்த்து வெளியே தூக்கி, நோய்ப்பட்ட தலைகளையும் ஒட்டியிருக்கும் தலையையும் வெட்டி எறிந்துவிட வேண்டும். மிச்சத்தை அயோடினில் முக்கி, முடிந்தால் வேறு தொட்டியில் வைக்க வேண்டும். நல்ல தலையையும் சேர்த்து வெட்டத் தயங்குகிறவர்கள்தான் கடைசியில் முழுவதையும் இழக்கிறார்கள்.

வாங்கும்போதே அடியைப் பார்த்து வாங்கினால் பாதிச் சிக்கல் குறையும். வெட்டு வெள்ளைவெளேரென்று இருந்தால் நேற்று வெட்டியது. வெட்டின் மேல் சிவப்புப் பாசி படர்ந்து, பசை பழசாகியிருந்தால் அது தொட்டியில் நிலைத்த துண்டு. 'பண்ணையா, கடலா?' என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பதில் சொல்லத் தடுமாறுகிற கடையில் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

அனுபவசாலிகள் இன்னொரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். பிரியமான டார்ச் எதுவாக இருந்தாலும், இரண்டு மூன்று தலை சேர்ந்ததும் ஒன்றைப் பக்கத்து ஊர் நண்பருக்குக் கொடுத்துவிடுவார்கள். காசு வாங்குவதில்லை. நம் வீட்டு உறைமோர் கணக்குத்தான். நம் வீட்டில் தயிர் கெட்டுப்போனால், நம்மிடம் உறைமோர் வாங்கிப் போன பக்கத்து வீட்டில்தானே போய்க் கேட்போம்? இங்கே கெடுப்பது ராத்திரி போன கரன்ட், செயலிழந்த ஹீட்டர், இல்லையென்றால் பழுப்புக் கூழ். தொட்டி மொத்தமும் போன பிறகு, நண்பர் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு ஒற்றைத் தலையைக் கொண்டுவந்து நீட்டுவார். ஐந்து வருடத்துக்கு முன் இதே வீட்டில் வெட்டிக் கொடுத்த அதே டார்ச்.