ஏன் விளையாடுறே, தம்பி?

தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் ஊர் மேல்சித்தாமூர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவது சமண வீடுகளின் பழைய வழக்கம். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே கிடைக்கும் அந்த நீண்ட நேரம் ஒரு காலத்தில் திண்ணைக்குப் போனது, பிறகு டிவிக்கு, இப்போது செல்போனுக்கு. செஞ்சி, திண்டிவனம் பக்கத்து மற்ற வீடுகளிலும் இதே கதைதான். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பையனும் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்தவனும் ஆன்லைன் விளையாட்டில் ஒரே ஸ்க்வாடில், அதாவது ஒரே அணியில், இருப்பார்கள். வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: “எவ்வளவு நேரம்டா அதையே நோண்டிக்கிட்டிருப்ப?”

மனநல ஆய்வாளர்கள் மணிக்கணக்கோடு நிற்பதில்லை. எதற்காக விளையாடுகிறாய் என்று கேட்கிறார்கள்.

27 வாக்கியங்கள், 7 காரணங்கள்

2011-ல் ஹங்கேரியின் ஜோல்ட் டெமெட்ரோவிச் குழுவினர், ஆன்லைனில் விளையாடும் 3,818 பேரின் பதில்களைக் கொண்டு 27 வாக்கியங்களில் ஒரு வினாத்தாளை உருவாக்கினர். ஒவ்வொரு வாக்கியத்திலும் உள்ள காரணத்துக்காக எவ்வளவு அடிக்கடி விளையாடுகிறோம் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். பதில்கள் ஏழு காரணங்களாகத் திரண்டன: பழகுதல், போட்டி, திறன் வளர்த்தல், பொழுதுபோக்கு, கற்பனை, மன அழுத்தத்தைச் சமாளித்தல், நிஜத்திலிருந்து தப்பித்தல்.

கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சமாளிக்க விளையாடுபவன் எரிச்சலோடு வந்து இரண்டு மேட்ச் ஆடி, லேசாகி, எழுந்து போய்விடுவான். தப்பிக்க விளையாடுபவனுக்கோ எழுந்தால் எதிரே நிற்பது அரியர் பேப்பர், கடன், அல்லது அப்பாவின் முகம். அதனாலேயே அவன் எழுவதில்லை. மன உளைச்சல் சிக்கல் தரும் விளையாட்டுப் பழக்கமாக மாறும் வழியில் தப்பித்தலும், ஓரளவு போட்டியும் நிற்பதாக அதே குழுவினர் 2015-ல் எழுதினார்கள். பொழுதுபோக்குக்காக மூன்று மணி நேரம் ஆடுபவனைவிட, தப்பிக்க ஒரு மணி நேரம் ஆடுபவனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

ஹங்கேரியின் கேள்வி செஞ்சிக்குப் பொருந்துமா?

ஒரு நாட்டில் செய்த வினாத்தாளை இன்னொரு நாட்டில் அப்படியே கொடுத்து, மதிப்பெண்களை ஒப்பிட்டுவிட முடியாது. புதியவர்களோடு பழகத்தான் விளையாடுகிறேன் என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாதவர்களோடு ஆடும் ஐரோப்பிய இளைஞன் 5 போடலாம். நம் ஊர்ப் பையனின் ஸ்க்வாடில் இருப்பவர்கள் பெரும்பாலும் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்; அவன் 1 போடுவான். அதற்காக அவன் நட்பு தேடி விளையாடவில்லை என்று ஆகிவிடுமா? ஒரே மனநிலையில் இருக்கும் இருவர், எந்த நாட்டவராக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு ஒரே மாதிரி மதிப்பெண் போடுகிறார்களா என்று புள்ளியியல் முறையில் முதலில் சோதிக்க வேண்டும். இதை அளவீட்டு மாறாமை என்பார்கள். இது தேறிய பிறகுதான் நாடுகளின் சராசரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

அந்த ஏழு காரணங்களில் பணம் இல்லை என்பதையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் இது பெரிய விடுபடல். ஆன்லைன் ரம்மியைத் தடுக்க இங்கே 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடை செய்தது. விட்ட காசைப் பிடிக்க ஆடுபவனின் சிக்கல் வேறு. உலக சுகாதார நிறுவனமும் சூதாட்டக் கோளாறைத் தனியாகத்தான் வகைப்படுத்துகிறது.

செயலியைத் தடுத்தால் காரணம் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். 2020 செப்டம்பரில் பப்ஜி விளையாட்டு தடை செய்யப்பட்டதும் பலர் ஃப்ரீ ஃபயருக்கு மாறினார்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ (விளையாட்டுக் கோளாறு) இருக்கிறது. அதற்கு அடையாளங்கள் மூன்று. விளையாட்டு கட்டுப்பாட்டில் இல்லை. சாப்பாடு, வேலை, படிப்பு எல்லாவற்றையும் அது பின்னே தள்ளுகிறது. கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்து, பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அது நோய். தீபாவளி லீவில் ராத்திரி முழுக்க ஆடியதெல்லாம் இதில் வராது.

வீட்டில் செய்ய வேண்டியது

போனைப் பிடுங்கி உடைத்தால் சண்டைதான் மிஞ்சும். பையன் நிதானமாக இருக்கும் நேரத்தில், சோறு போடும்போதோ வண்டியில் போகும்போதோ, ஆட்டத்தைப் பற்றியே கேளுங்கள்: யாரோடு ஆடுகிறாய், தோற்றால் எப்படி இருக்கும், நெட் இல்லாத நாளில் என்ன செய்வாய்? தூக்கம் கெட்டிருக்கிறதா, பழகியவர்களை ஒதுக்குகிறானா, பணம் கரைகிறதா என்றும் பாருங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாலும் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்பப் பழக்கச் சிக்கல்களுக்கென்றே ‘ஷட்’ கிளினிக் 2014 முதல் நடக்கிறது. வெளியே போகத் தயங்கினால் 14416-ஐ அழையுங்கள். இரவும் பகலும் இயங்கும் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். பையன் பேச மறுத்தால் அம்மாவோ அக்காவோ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.