ஆள் குறைந்தால் பஸ்ஸும் வராதா? கோல சிலாங்கூர் தோட்டங்களின் கணக்கு

பாசிர் பெனம்பாங் என்ற பெயரிலேயே போக்குவரத்து இருக்கிறது. மலாயில் 'பாசிர்' என்றால் மணல். 'பெனம்பாங்' என்பது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகு. சிலாங்கூர் ஆற்றின் வடகரையில் உள்ள இந்த மீனவர் கிராமத்தையும் தென்கரையில் உள்ள கோல சிலாங்கூர் பட்டணத்தையும் இப்போது பாலம் இணைக்கிறது. 5-ஆம் எண் கூட்டரசு சாலை அதன் வழியாகத்தான் தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கம் போகிறது. உங்களிடம் காரோ மோட்டாரோ இருந்தால் பட்டணம் சில நிமிடத் தூரம்தான்.

இரண்டும் இல்லாமல், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்தில் நீங்கள் குடியிருந்தால்? முதலில் சிம்பாங் வரைக்கும் நடக்கணும். பஸ் எப்போ வரும் என்பது அதற்கப்புறம்.

மாவட்டத்தில் மக்கள் கூடுகிறார்களே?

கூடுகிறார்கள்தான். 2010 கணக்கெடுப்பில் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 5 ஆயிரம். 2020-ல் அது 2 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பூஞ்சாக் ஆலாம் போன்ற புதிய குடியிருப்புகளும் இதே மாவட்டத்தில்தான் வருகின்றன. தாமான்களில் ஆள் நிறைய நிறைய, பழைய லயங்கள் காலியானது இந்தக் கணக்கில் தெரியாது.

லயம் ஏன் காலியானது என்பதற்கு மரமே ஒரு காரணம். பால்மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது சீவ வேண்டும். செம்பனைக் குலையை 10, 15 நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ரப்பர் போய் செம்பனை வந்ததும் தோட்டத்துக்குத் தேவையான ஆள் குறைந்துவிட்டது. வேலையோடு சேர்ந்ததுதான் வீடு என்பதால், வேலை போனவர்கள் வீட்டையும் விட்டுப் போனார்கள். நாட்டில் 1957-ல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேல்தான். அவற்றிலும் சில, பிள்ளைகளைத் தேடிப் பட்டணத்துக்கு இடம் மாறியவை.

பஸ் ஏன் உள்ளே வருவதில்லை?

தோட்டத்துச் சாலை பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த நிலம். ஊராட்சி மன்றம் நினைத்தவுடன் அதில் தார் போட முடியாது, பஸ் நிறுத்தமும் கட்ட முடியாது. முன்பு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. பள்ளி, கோயில், கடை, மருந்தகம் எல்லாம் உள்ளேயே இருந்தன. வெளியே போக தோட்டத்து லாரி இருந்தது. இப்போது மருத்துவமனைக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் வெளியேதான் போகணும், லாரியோ இல்லை.

அடுத்தது பணம். டிக்கெட் காசை நம்பி ஓடும் நிறுவனம் பத்துப் பேருக்காக உள்ளே திரும்பாது. பஸ் வராததால் இருக்கிற பத்துப் பேரில் இளையவர்கள் மோட்டார் வாங்குகிறார்கள் அல்லது பெயர்ந்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வயதானவர்கள். 2011-ல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக் வரை வந்தது நல்லதுதான், ஆனால் அது வண்டி வைத்திருப்பவர்களுக்கான டோல் சாலை.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

இந்தியாவில் 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் இருக்கும் குடியிருப்புகளுக்குச் சாலை என்று வரம்பு வைத்தது. அந்த வரம்புக்குக் கீழே இருந்த ஊர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும், பஸ் ஊருக்குள் வருகிறதா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 10 கிலோமீட்டருக்கும் அப்பாலா என்று பதிந்தார்கள். தமிழ்நாடு 1997-ல் பெரிய பஸ் போகாத ஊர்களுக்காக மினி பஸ்களை விட்டது.

மலேசியாவிலும் வழி இல்லாமல் இல்லை. 2015-ல் சிரம்பானில் தொடங்கிய மைபாஸ் முறையில், டிக்கெட் வசூலை வைத்து அல்ல, பஸ் ஓடும் கிலோமீட்டரை வைத்து அரசு நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. ஆள் குறைவான பாதையில் ஓடினாலும் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை. தோட்டத்துக்குள் இதைக் கொண்டுவர இன்னொன்றும் வேண்டும்: பஸ் நுழையவும் திரும்பவும் நில உரிமையாளரின் அனுமதி. ஆகவே உங்கள் தோட்டத்திலிருந்து மனு போகிறதென்றால், நகராண்மைக் கழகத்துக்கு ஒரு பிரதி, தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதோடு, சிம்பாங் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுதுங்கள்.