எழுந்து நின்றால் படபடப்பா?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பலருக்கும் நின்றுகொண்டே வேலை. நின்ற சில நிமிஷத்தில் நெஞ்சு படபடத்து, கண் இருண்டால், "வேலைக் கள்ளி" என்று பெயர் கிடைக்கும். ஆனால் அது நிஜமான வியாதியாகவும் இருக்கலாம்!

காரணம் என்ன?

நிற்கும்போது ரத்தம் கால்களில் இறங்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கி அதை மேலே அனுப்ப வேண்டும். அது சரிவர நடக்காவிட்டால், ஈடு கட்ட இருதயம் வேகமாகத் துடிக்கிறது. நின்ற 10 நிமிஷத்துக்குள் நாடி 30 துடிப்பு (இளவயதினருக்கு 40) கூடி, ரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்காமல், தொல்லை 3 மாதம் நீடித்தால் அதற்கு 'பாட்ஸ்' என்று பெயர். 1993-ல் அமெரிக்காவில் வைத்த பெயர் இது. பெரும்பாலும் இளம் பெண்களுக்கே வருகிறது. கோவிட் காய்ச்சலுக்குப் பிறகும் சிலருக்கு வந்தது. ரத்த சோகை, தைராய்டு கோளாறு இல்லையென்று முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

தினம் 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், இறுக்கமான காலுறை, உட்கார்ந்தபடி செய்யும் தேகப் பயிற்சி. உப்பைக் கூட்டுவது டாக்டர் சொன்னால் மட்டுமே. மயக்கம் வந்தால் உடனே படுத்துக் காலை உயர்த்த வேண்டும்.

நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2021-ல் தமிழகக் கடைச் சிப்பந்திகளுக்கும் அந்த உரிமை கிடைத்தது. ஒரு முக்காலியும் மருந்துதான்!