புகழ்ச்சிக்குள் ஒரு முள்: மலையகத்தின் அங்கதப் பேச்சு

அங்கதம் தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியமே அதைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. முகத்துக்கு நேரே வைவது முதலாவது. வசையை மறைத்துச் சொல்வது இரண்டாவது. எமது மலையகத் தோட்டங்களில் வேரூன்றியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதற்கான காரணத்தை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

தொண்டைமானிடம் ஔவையார் தூது போன புறநானூற்றுச் செய்தி பலருக்கும் தெரியும். உன் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசிப் பளபளக்கின்றன என்று அவனைப் புகழ்கிறார். அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். நீ போரைக் கண்டறியாதவன் என்பதுதான் உள்ளே இருக்கும் பொருள். சொன்ன வார்த்தையில் குற்றம் பிடிக்க ஒன்றுமில்லை. ஆகவே சொன்னவரைத் தண்டிக்கவும் வழியில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு இந்த மறைப்பு அலங்காரம் அல்ல, பாதுகாப்பு. ஒரு காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றில் வேலைக்குச் சேர ‘துண்டு’ வேண்டும். கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் துண்டு கைக்கு வராது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. ஆனால் லயம் தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது. துரையை எதிர்த்துப் பேசியவர் வேலையோடு கூரையையும் இழக்க நேரும். நேராகப் பேச முடியாத இடத்தில் பேச்சு வளையத்தானே செய்யும்?

நானே ஓர் உதாரணம் கட்டிக் காட்டுகிறேன். தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்தைப் ‘பேர்’ என்பார்கள். கொழுந்து நிறுவை குறைந்ததென்று ஒருத்திக்கு அரைப்பேர் போடுகிறார்கள். அவள் சண்டைக்குப் போகவில்லை. மடுவத்தில் பக்கத்தில் நிற்பவளிடம், கணக்கப்பிள்ளை காதில் விழும்படி, “நம்ம ஐயா தங்கமான மனுசன் அக்கா. முழுப்பேரும் குடுத்தா நமக்குச் செரிக்காதுன்னு பாதிய அவரே பத்திரமா வச்சுக்கிறாரு” என்கிறாள். வரிசை முழுவதும் சிரிக்கிறது. அவர் கோபித்தால், குத்து தனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சும்மா இருந்தாலோ சிரிப்பு நிலைத்துவிடும். வஞ்சப்புகழ்ச்சி வேலை செய்யும் விதம் இதுதான்.

இந்த வாய்மொழியை ஏட்டில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் சி.வி. வேலுப்பிள்ளை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமை என்று பெயர், செய்ததோ பறிப்பு. அங்கதக் கவிஞன் எவனுக்கும் இப்படியொரு தலைப்பு தோன்றியிராது!

தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைத் தொகுதி ‘நாமிருக்கும் நாடே’ 1979இல் சாகித்திய விருது பெற்றது. பாரதியின் சுதந்திரப் பள்ளை நினைவூட்டும் தலைப்பு. பாரதியில் அடுத்து வரும் உரிமைச் சொல் இங்கே இல்லை. வாசிப்பவர் மனம் தானாக அதை இட்டு நிரப்பும், நிரப்பியதும் சுடும். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதி வைத்திருந்த காலத்தில், அந்த வெற்றிடமே ஒரு கண்டனம் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

கேலி மார்க்கத்தில் தடுக்கப்பட்டதல்லவா என்று சிலர் கேட்கலாம். ஸூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. அதே அல்குர்ஆனில், ஸூரா அத்துகானின் 49ஆம் வசனம் வேதனையில் கிடக்கும் பாவியை வல்லவனே, கண்ணியவானே என்ற தொனியில் விளிக்கிறது. அரபு அணியிலக்கணத்தார் இதனைத் ‘தஹக்கும்’ என்பர். ஆகவே பேச்சு எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்க்க வேண்டும். கடைவீதியில் நின்று ‘தோட்டக்காட்டான்’ என்று சொல்வது எளியவரை மிதிப்பது. அது தடுக்கப்பட்ட பரிகாசம். அரைப்பேர் வாங்கியவளின் பேச்சு, அநீதிக்கு எதிராக அவள் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆயுதம்.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எம்மவர் கடைகள் பல. சம்பள நாளில் அவற்றை நிரப்புகிறவர்கள் இந்த மக்கள்தான். ஆகவே அவர்களுடைய குத்தல் பேச்சு எங்கள் காதிலும் விழுகிறது. நாளுக்கு 1000 ரூபாய் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. அத்தனை ஆண்டும் சிரிப்புக்குப் பஞ்சமில்லை, கேட்பதற்குத்தான் ஆளில்லை. நல்லாச் சொன்னா என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். அரைப்பேர் ஏன் விழுந்தது, தராசில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று அடுத்த கேள்வி கேட்கிறவருக்கே அந்தப் பேச்சு முழுதாய் விளங்கும்.