மரக்கால் அளந்த மாலவன்
முதுமையில் வீடு புதுப்பிப்போர் பார்க்கவேண்டிய கணக்கு

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைக்கு அருகில் அமைந்துள்ளது திருஆதனூர். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான இத்திருத்தலத்தில் எம்பெருமான் ஆண்டளக்கும் ஐயன் என்னும் திருநாமத்துடன் பள்ளிகொண்டிருக்கிறார். அவருடைய திருமுடியின் கீழ்த் தலையணையாக இருப்பது ஒரு மரக்கால். திருக்கரத்தில் இருப்பவை ஏடும் எழுத்தாணியும். கணக்கரின் கோலத்தில் பெருமாள் காட்சி தருவதற்குத் தலபுராணம் ஒரு வரலாறு கூறுகிறது.

திருவரங்கத்தில் திருமங்கையாழ்வார் மதில் திருப்பணி செய்துவந்த காலம். வேலை பாதியில் இருக்கையிலேயே கைப்பொருள் தீர்ந்துபோயிற்று. பணியாளர்கள் கூலி கேட்டு நின்றனர். ஆழ்வார் அரங்கனை நினைந்து உருக, வணிகர் வடிவில் ஒருவர் மரக்காலும் ஏடும் எழுத்தாணியுமாக வந்து சேர்ந்தார். மரக்காலில் மணலை அள்ளி ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுத்தார். மெய்வருந்த உழைத்தவர் கையில் அது பொன்னாயிற்று. உழையாதவர் கையில் மணலாகவே நின்றது. வியந்துபோன ஆழ்வார் அவ்வணிகரைப் பின்தொடர்ந்து செல்ல, ஆதனூரில் பெருமாளாகக் காட்சி தந்து மறைந்தார்.

ஆழ்வார் எடுத்த திருப்பணியிலேயே பணம் பாதியில் நின்றது என்றால், இல்லறத்தார் எடுக்கும் வீட்டு வேலையில் நிற்பதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்ற பழமொழி அனுபவத்தில் பிறந்தது. அதிலும் பணி ஓய்வு பெற்றபின், நாற்பது ஆண்டு பழைய வீட்டின் ஒழுகும் தளத்தையும் இடிந்த சுற்றுச்சுவரையும் பெயர்ந்த முற்றத்தையும் சீர்செய்ய முற்படும் முதியோருக்கு இச்செலவு வாழ்நாளின் கடைசிப் பெருஞ்செலவாக அமைகிறது. இதில் கணக்குத் தவறினால், மீண்டும் சம்பாதித்து ஈடுசெய்யும் வயது அவர்களுக்கு இல்லை. ஆகவே பூமி பூஜைக்கு நாள் பார்க்குமுன் ஏட்டையும் எழுத்தாணியையும் கையில் எடுப்பதே முறை.

சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி காணப்படும் ஒரு தொடர், ‘சாவா மூவாப் பேராடு’ என்பது. திருக்கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை அளிப்பது அந்நாளைய வழக்கம். 48 பசுக்களோ 16 எருமைகளோ அளிப்பதும் உண்டு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்துவிடவேண்டும். ஆடுகள் சாகும், மூப்பு எய்தும். ஆயினும் குட்டிகளால் அந்த எண்ணிக்கை நிரம்பிக்கொண்டே இருக்கவேண்டும். அதனாலேயே அவை சாவாதவை, மூவாதவை என்று பெயர் பெற்றன. நெய்யைக் கொள்ளலாம், ஆட்டை அறுத்தல் ஆகாது என்பதே அந்த அறக்கட்டளையின் உயிர். தஞ்சைப் பெரிய கோயிலின் பொருளை ஊர்ச் சபைகளிடம் கொடுத்துவைத்தபோதும் முதலைத் தொடாமல், ஆண்டுதோறும் வரும் வட்டியைக் கொண்டே வழிபாடு நடத்தினர்.

முதியோர் ஒருவரின் வைப்புத்தொகையும் இத்தகைய ஆட்டுமந்தைதான். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது கடந்தோர் 30 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி என்று கொண்டால், 10 லட்சம் ரூபாய் காலாண்டுதோறும் 20,000 ரூபாய் தரும். மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் அதுவே ஆதாரம். அந்தப் பத்து லட்சத்தை எடுத்துத் தரைக்குப் பளிங்கு பதித்தால், தரை பளபளக்கும். காலாண்டு வட்டி நின்றுபோகும். ஐந்தாண்டுத் தவணை முடியுமுன் கணக்கை முடித்தால் கழிவும் உண்டு: ஓராண்டுக்குள் முடித்தால் வட்டியே கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் எனில் வைப்புத்தொகையில் ஒன்றரை விழுக்காடும், அதன்பின் எனில் ஒரு விழுக்காடும் பிடித்துக்கொள்வர்.

எனவே வேலை தொடங்குமுன் முதியோர் தம் பொருளை மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுதல் நன்று. மாதச் செலவுக்கு வட்டி ஈட்டித் தரும் முதல் ஒன்று. மருத்துவத்துக்கென ஒதுக்கியது இரண்டு. இவ்விரண்டும் போக எஞ்சியது மூன்று. வீட்டுக்குரியது மூன்றாவது பங்கு மட்டுமே. அது சிறிதாயின் வேலையைச் சுருக்குவதே அறிவுடைமை. முதலிரண்டு பங்குகளைச் சுருக்குதல் ஆகாது.

திருமலையானும் கட்டும் வட்டி

கடன் என்றதும் பக்தர் நினைவுக்கு வருவது திருமலை. பத்மாவதித் தாயாரை மணம்புரியக் குபேரனிடம் கடன் பெற்ற ஸ்ரீநிவாசர், கலியுகம் முடியும்வரை அதற்கு வட்டி செலுத்திவருகிறார் என்பது அத்தலத்தின் ஐதிகம். உண்டியலில் உலகமே காணிக்கை செலுத்தும் பெருமாளே வட்டியோடு நிற்கிறார் என்றால், ஓய்வூதியம் ஒன்றையே நம்பியவர் எத்துணை எண்ணிப் பார்க்கவேண்டும்!

கடன்கள் எல்லாம் ஒன்றல்ல. வங்கியில் 5 லட்சம் ரூபாயைப் பத்தாண்டுத் தவணையில், 10 விழுக்காடு வட்டிக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 6,600 ரூபாய். முடிவில் செலுத்தியிருக்கும் மொத்தம் ஏறத்தாழ 7 லட்சத்து 93 ஆயிரம். இதுவே தெருவில் ‘மூன்று வட்டிக்கு’ வாங்கிய 5 லட்சம் எனில், மாதம் 15,000 ரூபாய் வட்டிக்கே போகும். ஓராண்டில் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கொடுத்த பின்னும் முதலில் ஒரு காசும் குறைந்திராது. ‘நூற்றுக்கு மூன்று’ என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றுவது, ஆண்டுக்கு 36 விழுக்காடு. பாதியில் நின்ற வேலையை முடித்துவிடும் அவசரத்திலேயே பெரும்பாலோர் இந்த வலையில் விழுகின்றனர்.

வங்கியில் வைப்புத்தொகை உள்ளவர் அதை உடைக்காமல் அதன்மீதே கடன் பெறலாம். வைப்புத்தொகைக்குரிய வட்டியைவிட ஒன்று இரண்டு விழுக்காடு கூடுதலாக இருக்கும். குறுகிய காலத் தேவைக்கு அது ஏற்றது. நீண்டகால வீட்டுக் கடன் எனில், 70 அல்லது 75 வயதுக்குள் கடன் முடியவேண்டும் என்று வங்கிகள் பெரும்பாலும் வரையறுக்கின்றன. அதனால் சம்பாதிக்கும் மகனோ மகளோ உடன் கையெழுத்திடும்படி நேரும். 

60 வயது கடந்து, சொந்த வீட்டில் வசிப்போருக்கு மறுதலை அடமானக் கடன் என்றொரு வழியும் உண்டு. வீட்டை அடமானமாகக் கொண்டு வங்கி பணம் தரும். வாழும் காலத்தில் தவணை கட்டவேண்டியதில்லை. வீட்டைப் பழுதுபார்க்கவும் அப்பணத்தைப் பயன்படுத்தலாம். கணவன் மனைவி இருவரின் காலத்துக்குப் பின், வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இல்லையேல் வங்கி வீட்டை விற்றுக் கடன் போக மீதியை வாரிசுகளிடம் அளிக்கும். வட்டி வளர்ந்துகொண்டே போகும் கடன் இது என்பதால், பிள்ளைகளை அமரவைத்துப் பேசியபின் முடிவெடுத்தலே குடும்ப ஒற்றுமைக்கு உகந்தது.

பத்திரம் யார் பெயரில்?

‘வீட்டை என் பெயருக்கு எழுதிவையுங்கள் அப்பா, நான் கடன் வாங்கிப் புதுப்பித்துத் தருகிறேன்’ என்று பிள்ளை கேட்பது பல இல்லங்களில் நிகழ்வது. அன்பினால் கேட்கும் பிள்ளைகளே மிகுதி. ஆயினும் தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் வீடு கைமாறிவிடுகிறது. பிற்காலத்தில் மனம் மாறினாலோ, பிள்ளைக்கே தொழிலில் இடர் நேர்ந்தாலோ, முதியோர் தம் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுகின்றனர்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தம்மைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, அந்நிபந்தனை நிறைவேறாதபோது, அம்மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரி முதியோர் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று அதன் 23ஆவது பிரிவு கூறுகிறது. அந்நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருப்பது பாதுகாப்பு. வாழும் காலம்வரை குடியிருக்கும் உரிமையையும் அதில் சேர்த்து எழுதச் செய்யலாம். எழுதிக்கொள்வதால் பாசம் குறைந்துவிடாது. பெருமாளே ஏட்டோடு வந்துதான் கூலி அளந்தார்.

பாலாலயம் கற்பிக்கும் வரிசை

குடமுழுக்குக்கு முன் கோயிலில் பாலாலயம் செய்வர். மூலவரின் சக்தியைத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்த பின்னரே உளி கருவறையை நெருங்கும். வீட்டிலும் அவ்வாறே. பூசையறைப் படங்களுக்கும் மருந்துப் பெட்டிக்கும் முதியோர் கட்டிலுக்கும் தூசியற்ற ஓர் இடத்தை முதலில் ஏற்பாடு செய்தல் வேண்டும். அதற்காக வெளியே வாடகைக்குக் குடியேற நேர்ந்தால் அச்செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

திருப்பணியில் விமானத்தில் வேரோடிய செடிகளைக் களைந்து, விரிசல் அடைத்து, நீர்க்கசிவை நிறுத்திய பின்னரே வர்ணம் தீட்டுவர். வீட்டுக்கும் அதே வரிசை: முதலில் மேல்தளத்தின் ஒழுகல், அடுத்து மின் இணைப்பும் கழிவறையும், பிறகு தரை, கடைசியாகச் சுண்ணாம்பும் வர்ணமும். பணம் நடுவில் தீர்ந்தாலும், வாழ்வதற்குரியவை முடிந்திருக்கும். முதியோர் வாழும் வீட்டில் வழுக்காத தரையும், குளியலறையிலும் கழிவறையிலும் கைப்பிடிக் கம்பியும், கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் அலங்காரத்துக்கு முந்தியவை.

முற்றத்துக்கும் ஒரு சொல். சேறு படுகிறது என்று கொல்லை முழுவதும் சிமெண்டு பூசிவிடுவோர் பலர். மண் மூடப்பட்டால் மழைநீர் தெருவுக்கு ஓடும், கிணறு வற்றும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நடக்கும் பாதைக்கு மட்டும் கல் பாவி, துளசி மாடத்தைச் சுற்றியும் மரத்தடியிலும் மண்ணை விட்டுவைத்தால் செலவும் குறையும், கிணறும் ஊறும்.

கூலி அளக்கும் முறை

ஆதனூர் ஐயன் உழைப்பைப் பார்த்தே அளந்தார். கட்டட மேஸ்திரிக்கு முன்பணமாகப் பெருந்தொகையைக் கொடுத்துவிடாமல், எந்த வேலை முடிந்தால் எவ்வளவு என்று தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நல்லது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் உரிய வாரக்கூலி சனிக்கிழமை மாலை தவறாமல் சேரவேண்டும்; மேஸ்திரியின் கணக்கில் ஒரு சிறு பகுதியை மட்டும் முதல் மழை பெய்து தளம் ஒழுகவில்லை என்று தெரியும்வரை நிறுத்திவைக்கலாம். இதையும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் மனத்தாங்கல் வராது. பழைய சுவரை இடித்தால்தான் உள்ளே கறையான் இருப்பதும் கம்பி துருப்பிடித்திருப்பதும் தெரியும். ஆதலால் மதிப்பீட்டுத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வைத்துக்கொண்டே தொடங்கவேண்டும்.

பூசலார் கட்டிய வரிசை

திருநின்றவூர்ப் பூசலார் சிவபெருமானுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். எங்கும் தேடியும் பொருள் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் திரட்டினார், தச்சரைத் தேடினார், நல்ல நாளில் அடித்தளம் இட்டார். விமானம் எழுப்பி, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் சூழ்ந்து, குளமும் வெட்டினார் என்று சேக்கிழார் பெருமான் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாயின. மன்னனின் கனவில் தோன்றிய இறைவன், அன்பன் எழுப்பிய ஆலயத்தில் தாம் எழுந்தருள இருப்பதால் வேறு நாள் குறிக்குமாறு பணித்தார். திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் ஆலயம் இன்றும் அந்த அன்பைப் போற்றி நிற்கிறது.

கல்லில் கட்டுமுன் மனத்தில் முழுவதும் கட்டிப்பார்ப்பவருக்கு, எங்கே எவ்வளவு செலவாகும், எது தேவை, எது வீம்பு என்பது புலப்படும். அவ்வாறு எண்ணிப்பார்த்து, இப்போது இயலாது என்று கண்டு, ஒழுகும் தளத்தை மட்டும் சீர்செய்து நிறுத்திக்கொள்ளும் முதியவரின் வீடு எவ்வகையிலும் குறைந்ததன்று. கடனில்லாத வீட்டில் மாலையில் ஏற்றும் அகல் விளக்கின் ஒளியில் உறங்கச் செல்லும் மனத்துக்கு நிம்மதி உண்டு. அந்த நிம்மதியைக் காத்துக்கொண்டு செய்யும் எந்தத் திருப்பணிக்கும் இறையருள் துணைநிற்கும்.